ரேசருக்கு ஒரு பூட்டு

"நகவெட்டியைத் தனியா வெச்சுக்கம்மா. பல் விளக்குற பிரஷ்ஷையும்தான்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மருமகள் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதற்குள் மாமனார் இப்படிச் சொன்னதும் மகனுக்குச் சுருக்கென்றது.

"அப்பா! அவளே நொந்துபோய் வந்திருக்கா. வாசல்லயே ஒதுக்கி வைக்கறீங்களே!"

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குத்தின ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவளே அவள்தான். ஏதோ அவசரத்தில் மூடி போடப் போய், தன் விரலிலேயே குத்திக்கொண்டாள். ரத்தம் வழியாகத் தொற்றி ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி என்று இன்று முடிவு வந்ததை வீட்டுக்குப் போனிலேயே சொல்லியிருந்தாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னார்?"

"ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதுன்னார் மாமா. சில பேருக்கு உடம்பே கிருமியைத் துரத்திடுமாம். ஆனா யாருக்குத் துரத்தும்னு முன்னாடியே சொல்ல முடியாதாம். அதனால இப்பவே மாத்திரை ஆரம்பிச்சிடுங்கறார். சில வாரந்தான்."

"தானாப் போறதுக்கு மாத்திரை எதுக்கு? கொஞ்ச மாசம் பொறுத்துப் பார்ப்போம்" என்றான் கணவன்.

அவளுக்கும் அதே ஆசைதான். மாத்திரை என்று ஆரம்பித்தால் பரிசோதனைக் கூடத்தில் விஷயம் பரவும். வாத்தியாரம்மாவே குத்திக்கிட்டாங்களா என்று சிரிப்பார்கள்.

"பொறுக்கவே வேணாம். நாளைக்கே ஆரம்பி" என்றார் மாமனார்.

"உங்களுக்கு ஒட்டிக்குமோன்னு பயம்ப்பா, அதான் பறக்கறீங்க. ஷேவிங் ரேசரையே பெட்டியில வெச்சுப் பூட்டுற ஆளாச்சே நீங்க!"

அது அந்த வீட்டின் பழைய கேலி. ரேசரும் நகவெட்டியும் ஒரு தகரப் பெட்டியில். சாவி அவர் சட்டைப் பையில். மகனுக்கு மீசை அரும்பியபோது ரேசரைக் கேட்டதற்கு, "தொட்டே, கையை முறிச்சிடுவேன்" என்றவர். மறுநாளே புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

மகன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.

மாமனார் போட்டுக் கொடுத்த டீயை மருமகள் இரண்டு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்தாள்.

"குடிக்கலையா? ஆறிப் போகுது பார்" என்று மாமனார் அந்தக் கப்பையே எடுத்து மிச்சத்தைக் குடித்தார்.

அவள் அவரையே பார்த்தாள். பயந்த மனுஷன் எச்சில் டீயைக் குடிப்பாரா? தட்டைத் தனியா வை, டம்ளரைத் தனியா வை என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? இவர் சொன்னது ரத்தம் படக்கூடிய சாமான்களை மட்டும். இது இவருக்கு எப்படித் தெரியும்?

"மாமா, அந்தப் பெட்டியை எப்போலேர்ந்து பூட்டறீங்க?" மெதுவாகத்தான் கேட்டாள்.

அவர் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இவன் சின்னப் பையனா இருந்தப்போ ரத்தம் குடுக்கப் போனேம்மா. உங்க ரத்தத்துல கிருமி இருக்கு, வேணாம்னுட்டாங்க." காலிக் கப்பை உருட்டிக்கொண்டே இருந்தார். "தானாப் போயிடும்னுதான் நானும் பொறுத்தேன். அப்புறம் வெளியில சொல்ல வெட்கமாப் போச்சு. வீட்ல யாருக்கும் வராம பார்த்துக்கிட்டா போதும்னு இருந்துட்டேன்."

அவள் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள்.

"நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்கணும்... இல்லைங்க, ரெண்டு டோக்கன்."