கடைசி இடத்துத் தலையணை

"அப்பா, நீங்க நடக்கவே இல்லைன்னு இந்த வாட்ச் சொல்லுதே. பொய் சொல்றது அதுவா, நீங்களா?"

பத்து வயதில் அவள் கேட்ட கேள்வி அது.

அப்பா வேலை பார்த்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அந்த மாதம் எல்லார் கையிலும் ஒரு ஃபிட்னஸ் வாட்சைக் கட்டிவிட்டு, யார் அதிகக் கலோரி எரிக்கிறார்கள் என்று போட்டி வைத்திருந்தார்கள். அப்பா நாள் முழுக்க உட்கார்ந்து எழுதும் கிளார்க்தான். ஆனால், காலையில் அவளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவார். மதியச் சாப்பாட்டு நேரத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்துக்கொண்டு மறுபடி போய்க் கூட்டிவருவார். மேடும் பள்ளமுமாக நாலு கிலோமீட்டர். மழை என்றும் காய்ச்சல் என்றும் ஒரு நாள் நின்றதில்லை. அந்தத் தைரியத்தில், "நான்தான் முதல்ல வருவேன், பாருங்க" என்று அலுவலகத்தில் சொல்லிவைத்திருந்தார்.

வந்தது கடைசி இடம்.

"நாலு கிலோமீட்டரும் கனவுலயா நடந்தீங்க சார்?" என்று சிரித்து, கேலிப் பரிசாக ஒரு குட்டித் தலையணையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மகளின் கேள்விக்கு அப்பா கோபப்படவில்லை. "பாக்க வேண்டியவர் பாத்துக்கிட்டுத்தான் இருக்கார், கண்ணு. இந்தா, முதுகுக்கு வெச்சுக்கோ, மெத்துனு இருக்கும்" என்றார்.

அந்தத் தலையணை உறை மாறி உறை மாறி இன்றும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஃபிட்னஸ் வாட்ச்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பாளர்.

மேசைக்கு எதிரே, புது வாட்ச் கொண்டுவந்திருந்த கம்பெனிக்காரர் தொப்பையைத் தடவியபடி நின்றார்.

"மேடம், நடை, ஓட்டம், சைக்கிள், மாடிப்படி எல்லாத்துலயும் பாஸ். ஒரு கையெழுத்து போட்டா கிளம்பிடுவேன்."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார். கையை ஆட்டாம நடக்கற சோதனை."

"அப்படி ஒண்ணு பட்டியல்லயே கிடையாதே!"

"மூணு கடிதம் எழுதிச் சேர்த்திருக்கேன். இன்னிக்குக் காலையிலதான் அனுமதி வந்துச்சு. முதல் போணி நீங்கதான்."

"என்ன மேடம் விளையாடறீங்க? கையை ஆட்டாம உலகத்துல யாராவது நடப்பாங்களா?"

"ஒருத்தர் நடந்தார்" என்றாள் அவள். "நீங்களே ஏறுங்க சார். உங்க வாட்ச், உங்க கை."

முனகிக்கொண்டே டிரெட்மில்லில் ஏறினார். உதவியாளர் அவர் வாயையும் மூக்கையும் மூடும் முகமூடியை மாட்டினார். உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் மூச்சையும் அளந்து, உடம்பு எரித்த கலோரியைத் துல்லியமாகச் சொல்லும் கருவி அது.

"முன்னாடி இருக்கற கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க. என்ன ஆனாலும் விடக்கூடாது."

டிரெட்மில் ஓடியது. மேடு ஏறுவதுபோல் அதன் முன்பக்கம் உயர்ந்தது. பத்தாவது நிமிடத்தில் அவருக்குச் சட்டை நனைந்தது. இருபதாவது நிமிடத்தில் இறங்கி, சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

"முகமூடி கணக்கு, நூத்தி நாப்பது கலோரி" என்று உதவியாளர் வாசித்தார். "வாட்ச் கணக்கு... முப்பத்தஞ்சு. சார் உட்கார்ந்து ஓய்வெடுக்கறதா சொல்லுது."

"உட்கார்ந்தா? நானா?" கம்பெனிக்காரர் தன் மணிக்கட்டைப் பார்த்து அலறினார். "அடப்பாவி, உன்னைப் பெத்தவனையே காட்டிக் கொடுக்கறியே!"

உதவியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கை ஆடலைன்னா ஆள் நடக்கலைன்னு அதுவே முடிவு கட்டிக்குது சார். நாடி துடிக்கறதைக்கூட நம்ப மாட்டேங்குது. இதைத் திருத்திக் கொண்டு வாங்க. அன்னிக்கே கையெழுத்து போடறேன்."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். கோபம் இறங்கி, முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது.

"இத்தனை பாடுபட்டு நடந்தவனை ஒரு வாட்ச் சோம்பேறின்னு சொன்னா, வயிறு எரியுது மேடம். ஒரு மாசம் கொடுங்க. திருத்திடறோம்."

அவர் போனார். உதவியாளரும் அவள் மேசை விளக்கைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட்டு விடைபெற்றார்.

தனியானதும் அவள் தலையணையை எடுத்து, உறைக்குள் கைவிட்டாள். நாலாக மடித்த காகிதம் ஒன்று வந்தது. அந்தப் பழைய போட்டியின் பட்டியல். கடைசி வரியில் இருந்த பெயரை யாரும் பார்த்துவிடக்கூடாதென்று பத்து வயதில் ஒளித்துவைத்தது.

அந்த மாதத்தின் பள்ளி நாட்கள், நாலு கிலோமீட்டர், மேடு, இன்றைய சோதனை, எல்லாவற்றையும் போட்டு மெதுவாகக் கணக்கிட்டாள். அப்பாவின் பெயருக்கு நேரே இருந்த எண்ணை அடித்துவிட்டுச் சரியான எண்ணை எழுதினாள். முதலிடத்துக்காரரைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது அது. 'பொய் சொன்னது வாட்ச்தான் அப்பா' என்று அதன் கீழே எழுதி, தேதி போட்டு, காகிதத்தை உறைக்குள் பத்திரமாக வைத்தாள்.

பிறகு தலையணையை முதுகுக்குக் கொடுத்து, சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, வாசலை நோக்கி உருட்டினாள். பள்ளி முடியும்வரை இதே போன்ற ஒரு நாற்காலியில் அவளை உட்காரவைத்து மேட்டுத் தெருவில் தள்ளிக்கொண்டு நடந்த அப்பாவின் கைகள், கைப்பிடியை விட்டு ஒரு நாளும் அசைந்ததே இல்லை.