கதவில் தொங்கும் பலகை

ஸ்டுட்கார்ட்டில் பகலெல்லாம் சுவருக்குப் பூச்சு பூசி, மாலையில் ராக் குழுவுக்குப் பாட்டெழுதும் ரைனரைத் தேடி வானொலியிலிருந்து ஆள் வந்தது இதுதான் முதல் தடவை. தன்னைக் கவிஞர் என்று ஒருமுறையாவது சொல்லிவிட மாட்டார்களா என்று முதுகுவலியையும் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'என் கதவில் பலகை தொங்குகிறது, என் முறை வந்துவிட்டது, படிக்கட்டு என்னை அழைக்கிறது'ன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பலகை சாவுதானே சார்?" என்று கேட்டாள் வானொலியிலிருந்து வந்த அன்யா.

"வேறென்ன? பழைய கவிதைகள்ல ஊறினவன் நான்" என்று ரைனர் கண்ணை மூடிக்கொண்டார். "அது வீடு வீடா வரும்மா. யாரும் தப்ப முடியாது."

"உடம்பு சிலிர்க்குது சார்."

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு ஹேபர்லே அம்மா கையில் ஒரு மரப்பலகையோடு நின்றார்.

"ஏம்ப்பா ரைனர், மாடிப்படி பெருக்குற முறை உன்னோடதுன்னு போன வாரமே இதை உன் கதவுல மாட்டினேன். பெருக்காமலே சத்தமில்லாம என் கதவுல மாட்டிட்டுப் போயிட்டியே?"

அன்யா மைக்கை அணைக்கவில்லை. "அப்போ, 'தூசி எனக்காகக் காத்திருக்கிறது'ங்கிற கடைசி வரி?"

"சனிக்கிழமையிலேர்ந்து காத்திருக்கும்மா" என்றார் ஹேபர்லே அம்மா.

கவிஞர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

"நான்தான் சொன்னேனே, யாரும் தப்ப முடியாதுன்னு."