நாற்பத்தொன்றாவது கட்டம்

கிணற்றில் விழும் ஆடுமாடுகளை மீட்கும் எங்கள் அமைப்பு ஐந்து பேரில் தொடங்கி நாற்பது பேராக வளர்ந்திருந்தது. ஆனாலும் ஒரு பூனைக்குட்டி விழுந்தால்கூட நாற்பது பேரும் ஓடினோம். போன மாதம் கூட்டம் தாங்காமல் கிணற்றுச் சுவர் சரிந்து, பூனையோடு எங்களில் மூவரையும் தூக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் தலைவி தெய்வாத்தாள் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்.

அவர் கூடத்துத் தரையில் சாக்பீஸால் நாற்பது கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொறுப்பை எழுதி, எங்களை நிற்கவைத்தார். "அவங்கவங்க கட்டத்துல இருக்கறத மட்டும் செஞ்சாப் போதும்" என்றார். முதன்முறையாக யாரும் யார் காலையும் மிதிக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. போன் கட்டத்தில் நின்ற சுகந்தி எடுத்தாள். "பக்கத்துத் தோட்டத்துல ஆட்டுக்குட்டி விழுந்துருச்சுங்களாம். இன்னும் நீந்துதாம்."

கயிறு பிடிக்க ஆள் இருந்தது. வண்டி ஓட்ட ஆள் இருந்தது. படம் எடுக்கவும் இருவர் இருந்தார்கள்.

"எறங்கறது யாருங்க?" என்று தெய்வாத்தாள் கேட்டார்.

நாற்பது பேரும் குனிந்து தத்தம் கட்டத்தைப் படித்துப் பார்த்தோம். பிறகு, கட்டமே இல்லாமல் நின்றிருந்த ஒரே ஆளைப் பார்த்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து ஆலோசகர் நீர் சொட்டச் சொட்ட, குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றார். தெய்வாத்தாள் மண்டியிட்டு, அவருடைய கால்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு இழுக்கத் தொடங்கினார்.