முதுகுவலிக்காரர்

"முதுகு வலிச்சா ரெண்டு நாள் லீவு போடுங்கண்ணே. மேஜையெல்லாம் கேட்டா எப்படி?"

பழனிவேல் எரிச்சலை மறைக்கவில்லை. ஈஸ்ட் டாமாக்கி தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கிடங்கில், பேக்கிங் பிரிவுக்கு அவன்தான் சூப்பர்வைசர். எதிரே நின்றவர் சிவனேசன். ஈப்போவிலிருந்து வந்து இந்த நாட்டில் குடியேறியவர். ஐம்பத்து நாலு வயசு, இருபது வருஷ சர்வீஸ்.

"லீவு வேணாம்லா பழனி. பெட்டியத் தரையிலேர்ந்து தூக்குறதுதான் முடியல. லிஃப்ட் டேபிள் ஒண்ணு போட்டாப் போதும். பட்டனை அமுக்கினா பெட்டி இடுப்பு உயரத்துக்கு வந்துரும்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"பக்குரங்காவுல ஒரு கைரோபிராக்டர், முதுகெலும்பைச் சரிபண்றவங்க, அவங்ககிட்ட போயிட்டிருக்கேன்."

"அப்ப அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. மேனேஜர் கேப்பாரு."

"லெட்டரா... சரி, பாக்குறேன்." சிவனேசன் நழுவினார்.

பழனிவேலுக்குச் சிரிப்புதான் வந்தது. போன சனிக்கிழமை த்ரீ கிங்ஸ் விளையாட்டரங்கில் இந்த மனுஷன் எகிறி எகிறி பேட்மிண்டன் ஆடியதை அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான்.

சிவனேசனின் பேக்கிங் பெஞ்சில்தான் ரதிதேவியும் வேலை செய்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். வேலை விசாவில் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. மற்றவர்களிடம் பழனிவேல் அவளைத்தான் உதாரணம் காட்டுவான்.

"ரதி, நீ பக்கத்துலதானே இருக்க. சிவனேசன் அண்ணனுக்கு நெஜமாவே வலியா?"

அவள் டேப்பை ஒட்டியபடியே, "ஓம் அண்ணா... இருக்கும்" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

'இந்தப் பொண்ணையும் பொய் சொல்ல வச்சிருக்காரு' என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு வாரமாகியும் லெட்டர் வரவில்லை. சிவனேசன் வியாழக்கிழமைகளில்தான் கைரோபிராக்டரிடம் போகிறார் என்று தெரிந்துகொண்டு, வேலை முடிந்ததும் பழனிவேலும் பக்குரங்காவுக்குக் காரை விட்டான். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

நினைத்தது போலவேதான் நடந்தது. கிளினிக்கின் முன்னறையில் சிவனேசன் மட்டும் இருந்தார். நின்றவாக்கிலேயே சடாரென்று குனிந்து, அவிழ்ந்த ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்! லெட்டர் வாங்கத்தான் வந்தீங்களாண்ணே?"

சிவனேசன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பழனி... வா, வெளிய போய்ப் பேசுவோம்."

"எதுக்கு? இருங்க, டாக்டரையே கேட்டுருவோம்."

உள்ளறைக் கதவு திறந்தது.

ரதிதேவி வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, அடிமேல் அடி வைத்து. காலில் வெறும் சாக்ஸ். அவளுடைய ஷூக்களை, கைரோபிராக்டர் ஷாமினி கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"தினமும் நடங்க, ரதி. படுத்தே இருந்தா இன்னும் இறுகிப் போயிடும். ஆனா தரையிலேர்ந்து தூக்குற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்."

சிவனேசன் மளமளவென்று கீழே உட்கார்ந்து, ஷூக்களை வாங்கி அவள் காலில் மாட்டிவிட்டார். குனிய முடியாமல் நின்ற ரதிதேவி அப்போதுதான் பழனிவேலைக் கண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா... என்னை வேலையால நிப்பாட்டிப் போடாதேங்கோ. ரெண்டு மாசத்தில விசா புதுப்பிக்க வேணும். எனக்கு ஏலும் அண்ணா, எல்லாம் செய்வன்."

"எத்தனை நாளா இந்த வலி?"

"நாலு மாசமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

சிவனேசன்தான் எழுந்து, அவனை வாசலுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்.

"மீட்டிங்குல நீ என்ன சொன்ன, பழனி? உடம்புக்கு முடியலைன்னு வர்றவங்களுக்கு விசா சிபாரிசு பண்ண மாட்டேன்னு சொன்னியா இல்லையா? அன்னிக்கு இந்தப் புள்ள ஸ்டோர் ரூம்ல நின்னு அழுதுச்சு. எங்கிட்ட இந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கு. என்னை யாரு என்ன பண்ணிருவா? அதான் என் முதுகுன்னு சொன்னேன். மேஜை வந்துட்டா இந்தப் புள்ளயும் அதுலயே வேலை செய்யும்ல?"

யாரும் சும்மா லீவு கேட்கக் கூடாதென்று, பழனிவேல் மிரட்டலுக்காகச் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு எல்லாரும் வாயே திறக்காமல் கலைந்து போனதை, தனக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்திருந்தான்.

வீட்டுக்குப் போயும் அதே நினைப்புதான். ஒன்றரை வருஷம் அவளைத் தினமும் பார்த்திருக்கிறான். ஒரு நாளும் கவனித்ததில்லை.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். மேஜைமேல், லிஃப்ட் டேபிள் கேட்டு சிவனேசன் எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பம்.

"ரெண்டு வாரமா சும்மா கிடக்கு. லெட்டரும் வரல. அவர் பேட்மிண்டன் ஆடுறார்னு நீயே சொன்ன. இதைத் தூக்கிப் போட்டுரவா?"

"வேண்டாம். டேபிள் அவசியம் வேணும்."

மேனேஜர் அவனை விநோதமாகப் பார்த்தார். "லெட்டர்கூட வேண்டாம், பழனி. உன் பேச்சை நான் நம்புறேன். அந்தப் பிரிவுல முதுகுவலின்னு உனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே ஒரு பேரைச் சொல்லு. இன்னிக்கே ஆர்டர் போடறேன்."

கண்ணாடிக்கு அப்பால் ரதிதேவி ஒரு பெட்டியின் முன்னே, குனியத் தயங்கி நின்றுகொண்டிருந்தாள்.

பழனிவேல் மெல்ல இடுப்பில் கையை வைத்துக்கொண்டான்.

"எனக்குத்தான்!"