நாலு பிரேக்கும் சரி

“பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா சார்? மேல போனப்புறம் இறுக்க ஆள் கிடையாது.”

“மூச்சு முட்டுது, விடும்மா. பொத்தான் அமுக்குறதுதானே உன் வேலை? அதை மட்டும் பாரு” என்று சீறினார் பாதுகாப்புப் பரிசோதகர்.

பொத்தான்காரி பெல்ட்டை ஒரு பிடி கூடுதலாகவே இழுத்து மாட்டினாள். இந்த ஆளை ஒரு நாளாவது தன் கையால் கட்டிப்போட வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கறுவிக்கொண்டிருந்தவள் அவள்.

அந்தத் தொழில்நுட்ப நகரத்தில் வீடு, ஆபீஸ், கடை, கேளிக்கை எல்லாமே ஒரே வளாகம்தான். கதவுகூட ஆளைப் பார்த்து வணக்கம் சொல்லும். ஆனால் இரண்டாவது கோபுரத்து லிஃப்ட் மட்டும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று மாடி விழுந்து அடித்தளத்தில் மோதியது. உள்ளே இருந்த மெக்கானிக்குக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது.

அந்த மெக்கானிக் அவளுடைய கணவன். ‘நாலு பிரேக்கையும் நேரில் பார்த்தேன், சரியாக இருந்தன, மெக்கானிக்கின் அலட்சியமே காரணம்’ என்று எழுதிக் கொடுத்த புண்ணியவான் இந்தப் பரிசோதகர். மெக்கானிக்கின் முகத்தையே சரியாகப் பார்க்காதவர், அவன் மனைவியை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

அன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. அலட்சியம்தான் என்று முடிவாகிவிட்டால், எழுந்து உட்காரக்கூட முடியாத மனிதன் மேல் கிரிமினல் கேஸ் பாயும்.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. விசாரணைக்கு முன்னால் வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே வந்துவிட்டார். பரிசோதகரும் ஒட்டிக்கொண்டே வந்தார். “என் கண்ணுல படாம இங்க ஒரு ஆணிகூட அடிக்க முடியாது மேடம்” என்று வழி நெடுகப் பெருமை வேறு.

மறுநாள் திறக்கப்போகும் ‘நாற்பதாவது மாடி’ என்ற விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த அம்மாள் நின்றார். “இதுக்கும் நீங்கதானே சர்டிஃபிகேட் கொடுத்தீங்க? அப்ப முதல்ல நீங்களே ஏறுங்க” என்றார். பரிசோதகரால் மறுக்க முடியவில்லை.

நாற்காலியில் கட்டுண்டு கிடந்தவர் இப்போது அண்ணாந்து பார்த்தார். கூரை எங்கே இருக்கிறது என்றே தெரியாத இருட்டு. எதிரே ஆளுயர மின்விசிறி ஒன்று அவரையே பார்த்தபடி நின்றது.

“இவ்வளவு செலவு பண்ணிட்டு, காத்துக்கு ஒரு ஓட்டை ஃபேனா?”

“உங்களுக்காகத்தான் சார். வேர்க்கும்ல.”

தலைக்கவசத்தை மாட்டி, முகத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். பொத்தானை அமுக்கினாள். நாற்காலி குலுங்கிக் கிளம்பியது.

கண்ணாடியின் ஓரத்தில் மாடி எண்கள் ஓடின. பத்து, இருபது, முப்பது. காற்று சட்டையைப் பிடித்து உலுக்கியது. காலுக்குக் கீழே கோபுரங்கள் குட்டையாகிக்கொண்டே போயின. நாற்பதில் நாற்காலி நின்று, லேசாக ஆடியது.

காதுக்குள் அவள் குரல் கேட்டது. “சார், நான் யாருன்னு தெரியுதா? லிஃப்ட் மெக்கானிக்கோட பொண்டாட்டி.”

பரிசோதகர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார். “கீழ... கீழ இறக்கு.”

“இறக்கத்தானே போறேன். இந்த நாற்காலி உச்சியிலேருந்து விழும்போது நாலு பிரேக்கும் கப்புனு பிடிக்கும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

“ஏய், என்னடி பண்ணி வச்சிருக்கே?”

“நான் எதையும் தொடல சார். நாலையும் நேர்ல பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டவர் நீங்க. அப்புறம் எதுக்கு நடுங்குறீங்க?”

நாற்காலி வெடுக்கென்று நழுவி நின்றது. அவர் வீறிட்டார்.

“வேணாம்மா! உன் கால்ல விழறேன், விட்டுடாதே! நான் பார்க்கல! எதையும் பார்க்கல! ஆபீஸ்ல உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன்!”

“அந்த லிஃப்டுக்கும் அப்படித்தானா?”

நாற்காலி மறுபடியும் நழுவியது.

“ஆமா! ஆமா! அதையும் பார்க்கல! உன் புருஷன் மேல தப்பே இல்ல. பிரேக் தேஞ்சிருக்குன்னு அவன் ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தான். நான்தான் கிழிச்சுப் போட்டேன். கீழ இறக்கும்மா, தாயே!”

அவர் கேவிக் கேவி அழுதார். அவளுக்கு இம்மிகூட இரக்கம் வரவில்லை. படுக்கையில் கிடப்பவனைத் தினமும் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுதான் அவள் காதில் நிறைந்திருந்தது.

பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். விசிறியை நிறுத்தினாள். நிதானமாக நடந்து வந்து, அவருடைய முகத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டாள்.

கூடத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன. பரிசோதகரின் ஷூ நுனி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் விசாரணை அதிகாரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இந்த விளையாட்டுக்கு அவர் கொடுத்த சான்றிதழைப் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்திக் கேட்டார்:

“கண்ணுக்குள்ள வெறும் படம் காட்டுற நாற்காலி இது, அரை அடிகூட ஏறாது. இதுல எந்த நாலு பிரேக்கை சார் நேர்ல பார்த்தீங்க?”