கடைசி மெருகு

"என் குரலாடா இது? பாம்பு சீறுற மாதிரி இருக்கு!" ஹெட்போனைக் கழற்றி மெத்தையின் மேல் எறிந்தான் பாடியவன்.

இசையமைத்தவன் மடிக்கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். இருவரும் பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்கள். மாலையானால் இந்த வாடகை அறையின் சன்னலைப் போர்வையால் மூடிவிட்டுப் பாட்டுப் பதிவு செய்வார்கள்.

பதிவான பாட்டை வெளியிடும் முன் ஒலிகளைச் சமன்செய்து கடைசியாக மெருகேற்றுவதற்கு மாஸ்டரிங் என்று பெயர். அதை மட்டும் காசு கொடுத்து, இணையம் வழியாக ஒருவரிடம் செய்து வாங்குவான் இசையமைத்தவன். இன்று அப்படித் திரும்பி வந்த பாட்டில்தான் குரல் சீறியது, சிம்பல் என்னும் தாளத்தட்டின் ஓசை ஊசியாய்க் குத்தியது.

பாடியவன் திரையை எட்டிப் பார்த்தான். 'ஐயா, மிகவும் நன்று. அடுத்த பாட்டும் தங்களுக்கே. இப்படிக்கு, ஊமைக்குயில்' என்று எழுதி, அப்போதுதான் அனுப்பப்பட்டிருந்தது.

"நன்றா? உனக்குக் காது இருக்கா, இல்ல லிஃப்ட் கதவுல மாட்டிக்கிச்சா?"

"கொஞ்சம் ஏத்திட்டார். அப்படி ஏத்துவார்னுதான் அனுப்பும்போதே சிம்பலைக் குறைச்சு வெச்சேன். அப்படியும் ஏத்திட்டார்."

"ஓகோ, கெடுப்பார்னு தெரிஞ்சே அனுப்புறியா? அதுவும் புனைபேர்ல! பணத்தை வேற என் கணக்குலேருந்து போடச் சொல்றே. நாம பாட்டுப் போடுறோமா, கடத்தல் பண்றோமா?"

"பயப்படாதே. நாம இங்க முடிச்சு வெச்சதைத்தான் வெளியிடப் போறேன். இதை யாரும் கேக்க மாட்டாங்க."

ஆமையிடம் தோற்ற முயலைப் போல விழித்தான் பாடியவன். "யாரும் கேக்காத பாட்டுக்கு எதுக்குடா காசு?"

இசையமைத்தவனின் கைப்பேசி ஒலித்தது. திரையில் 'அப்பா' என்றிருந்தது.

அப்பா அழைத்தால் மொட்டைமாடிக்கு ஓடிவிடுவது அவன் வழக்கம். இன்று வெளியே மழை கொட்டியது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"சொல்லுங்கப்பா!" என்று கத்தினான்.

"என்ன முணுமுணுக்கிறே? உன் போனு எப்பவுமே சரியில்ல!" மறுமுனைக் குரல் அறை முழுவதும் கேட்டது. "இன்னும் லிஃப்ட்டைப் பிடிச்சுத்தான் தொங்கிட்டிருக்கியா?"

"ஆமாப்பா! நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடு கிடக்கட்டும். காது போச்சுன்னு சொல்லி என்னை ஸ்டூடியோவிலேருந்து அனுப்பினானுங்கல்ல? இப்ப ஒரு பையன் எழுதியிருக்கான். மாஸ்டரிங்குக்கு என்னை விட்டா வேற ஆள்கிட்ட போகவே மாட்டேங்கிறான். பேரு ஊமைக்குயிலாம்!"

பாடியவன் கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான். எறிந்த ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நல்லதுப்பா," என்றான் மகன். இந்த முறை அவன் கத்தவில்லை. அது அப்பாவுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

"மூஞ்சிகூடத் தெரியாது. ஆனா என் வேலையோட அருமை அவனுக்குத் தெரியுது. நீயும் இருக்கியே... உனக்குப் பாட்டெல்லாம் வராது, காது பத்தாதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அன்னியோட எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டே."

மகன் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். மறுமுனையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"அவனை மாதிரி எனக்கு ஒரு புள்ளை பொறக்கலையேடா!"