குளத்தைத் தாண்டிய எல்லைக்கல்

குவாரிக்காரர் குளத்தையும் தோண்டுகிறார் என்று வழக்கு. ஆவண அறையிலிருந்து நூறு வருடப் பழைய நிலவரைபடத்தை எடுத்துவந்து சர்வேயர் குளக்கரையில் விரித்தார். எல்லைக்கல்லைப் பார்த்ததும் படம் கொதித்தது.

“குளத்துக்கும் குவாரிக்கும் நடுவுல நிக்க வேண்டியவன் நீ! குளத்தைத் தாண்டி இங்க உனக்கென்ன வேலை?”

“நானா நடந்து வந்தேன்? இன்னைக்குக் காலையிலதான் ஜேசிபி வச்சுப் பிடுங்கி இங்க நட்டானுங்க!”

“சாய்ஞ்சாவது தொலைய வேண்டியதுதானே?”

“சிமென்ட் போட்டிருக்கானுங்க. ஈரம்கூடக் காயலை. அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு!”

சர்வேயர் தொட்டுப் பார்த்தார். அசைத்தும் பார்த்தார்.

“கல்லு சரியாத்தான் நிக்குது. படம்தான் தப்பு” என்றார்.

விரலில் ஒட்டிய ஈர சிமென்ட்டைப் படத்தின் ஓரத்திலேயே துடைத்துவிட்டு, சிவப்பு மையால் குளத்தைக் குவாரிக்குள் சேர்த்து வரைந்தார்.